லீஸ், லைசென்ஸ், ஒரு கொல்லையின் சாவி

1. சாய்வுக் கோடு

வக்கீல் சார் மதுராந்தகம் கோர்ட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் ஒரு டிராஃப்டை என் மேஜைமேல் போட்டார். "சாயங்காலம் பார்ட்டி ரெண்டு பேரும் வருவாங்க. ரெடி பண்ணி வை" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார். பிரித்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே லீஸ் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சாய்வுக் கோடு இழுத்து, லைசென்ஸ் என்றும் எழுதியிருந்தார். இரண்டில் எதையும் வெட்டவில்லை. வாசலுக்கு ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது.

உத்திரமேரூர் பஜார் தெருவில் இருக்கும் எங்கள் ஆபீஸில் இது புதிதல்ல. சாருக்குச் சந்தேகம் வந்தால் கோடு போடுவார். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வார்த்தை, அந்தப் பக்கம் அதன் பங்காளி. அசைன், சப்லெட். டெர்மினேட், சஸ்பெண்ட். டெபாசிட், அட்வான்ஸ். எதை எடுப்பது என்று கேட்டால், "சென்ஸ் பார்த்துப் போடும்மா" என்பார். போட்டுக் காட்டினால், "இதை யாரு போடச் சொன்னா?" என்பார்.

டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு, எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை நம்பி வக்கீல் ஆபீஸுக்கு வரப்போகும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்ஸ்டிடியூட்டில் விரலுக்கு வேகம் சொல்லித் தருவார்கள். கோட்டின் எந்தப் பக்கம் போவது என்று அங்கே யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

ஒரு வார்த்தைதானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். லீஸ் என்று ஆரம்பித்தால் லெஸ்ஸார், லெஸ்ஸி, ரென்ட் என்று அதன் குடும்பமே பின்னால் வரும். லைசென்ஸ் என்று ஆரம்பித்தால் லைசென்ஸர், லைசென்ஸி, ஃபீ. நடுவில் மனசு மாறினால் முதல் பக்கத்திலிருந்து திரும்ப அடிக்க வேண்டும். முத்திரைத் தாளில் ரப்பர் போட்டுத் தேய்க்க முடியாது. கார்பன் காப்பியில் தேய்த்தால் கறுப்பாக ஈஷிக்கொள்ளும்.

நான் காகிதத்தை மெஷினில் செருகிவிட்டு, ஒரு எழுத்தும் அடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் குமாஸ்தா வேலாயுதம் நாஷ்டா முடித்துவிட்டு வாயைத் துடைத்தபடி வந்தார். ஆபீஸை அவர் வந்து திறந்ததே கிடையாது. சாவி என்னிடம்தான்.

"இன்னா சாரதாம்மா, மெஷின வெச்சிக்கினு பூஜ பண்றியா?"

"லீஸா லைசென்ஸான்னு சார் சொல்லாமப் போய்ட்டார்ங்க."

"இதுக்கா இந்த முயி முயிக்கிற? ரெண்டையும் போட்டுடு. லீஸ் அண்ட் லைசென்ஸ். எந்தக் கோர்ட்டுக்கு எது புடிக்குதோ அத்த எடுத்துக்கட்டும்."

இப்படித்தான் அவர் பல வருஷமாக வேலை பார்க்கிறார். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. பத்து மாதக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறவள் நான். கஞ்சி குடித்தானா, தூங்கினானா, கொசுவலையைச் சரியாக இழுத்துவிட்டேனா என்று மனசு ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு லீஸும் லைசென்ஸும் சேர்ந்துகொண்டால் என்ன செய்வது?

2. ஆளுக்கு ஒரு பக்கம்

பார்ட்டிகள் சாயங்காலம் வரவில்லை. மத்தியானமே வந்துவிட்டார்கள்.

ஒருவர் பெருநகர் தனபாக்கியம் அம்மாள். ஐம்பது வயதுக்குக் கிட்டத்தட்ட இருக்கும். புருஷன் இல்லை. பஸ் ரோட்டை ஒட்டி ஒரு புன்செய்க் கொல்லை, அதன் மூலையில் ஒரு கிணறு. அவருக்கு இருந்த நிலம் அவ்வளவுதான். இன்னொருவர் கன்னியப்பன். டூரிங் டாக்கீஸ் வைத்திருந்தார். தை மாதத்திலிருந்து ஆனி முடிய அந்தக் கொல்லையில் கொட்டாய் போட்டுப் படம் காட்ட இடம் கேட்டிருந்தார். ஆடியில் அந்த அம்மாள் வேர்க்கடலை விதைக்க வேண்டும்.

"எம்மா டைப்பு," என்றார் தனபாக்கியம் அம்மாள், என் மேஜைக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு. பெஞ்சு இருக்கிறது என்று சொன்னாலும் கேட்கவில்லை. "நீ இங்கிலீஷுல இன்னா வேணா எய்திக்கோ. ஆடி பொறந்தா என் கொல்ல என் கைக்கு வந்துடணும். எங்கூருல ஒருத்தன் செங்கல் சூள போட எடம் வுட்டான். இன்னிக்கி வரிக்கும் சூளக்காரன் எய்ந்திருக்கல. எடத்துக்காரன் வெளிய நின்னுகினு பொகைய பாத்துகினு கீறான். ஆடிப் பட்டத்த வுட்டுட்டா வருசம் பூரா நான் இன்னாத்த திங்கறது, நீயே சொல்லு."

"அதுக்குத்தான் பேப்பர் எழுதறது அக்கா" என்றார் கன்னியப்பன். பிறகு என் பக்கம் திரும்பினார். "லீஸுன்னு போடுங்கம்மா. கலெக்டர் ஆபீஸுக்குப் போனா, எடம் ஒன் கைவசம் கீதான்னுதான் மொதல்ல கேக்கறாங்க. அங்க போயி லைசென்ஸுன்னு பேப்பர் காட்னா சிரிப்பாங்க. லைசென்ஸு கலெக்டர் எனக்குக் குடுக்கறது. இந்த அக்கா எந்த ஊரு கலெக்டரு?"

"நான் கலெக்டரு இல்ல நைனா. கலெக்டருக்கு ஆடிப் பட்டம் இன்னான்னு தெரியுமா?"

குமாஸ்தா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருவர் சொன்னதும் நியாயமாக இருந்தது. கன்னியப்பனுக்கு இடம் தன் கைவசம் என்று சொல்லும் காகிதம் வேண்டும். அந்த அம்மாளுக்கு இடம் கைமாறவே கூடாது. சார் போட்ட கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

3. உள்ளே போக யாரைக் கேட்க வேண்டும்?

சார் ஐந்து மணி பஸ்ஸில் வந்து சேர்ந்தார். வந்ததும் கோபித்தார்.

"ஒரு எழுத்துகூட அடிக்கலையா?"

"எதுன்னு தெரியல சார்."

"எதும்மா எது?"

டிராஃப்டை நீட்டினேன். தம் கையெழுத்தைத் தாமே முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த அம்மாளுக்குச் சொல்லும் சாக்கில் எனக்கும் சொன்னார்.

"லீஸ்னா எடத்தையே ஒருத்தர் கையில கொடுத்துடறது. காலம் முடியற வரைக்கும் சொந்தக்காரரே அவரைக் கேட்டுட்டுத்தான் உள்ள போகணும். முடிஞ்ச பிறகும் போகமாட்டேன்னு உட்கார்ந்தா கேஸ் போட்டுத்தான் எழுப்பணும். அது எந்த ஆடியில முடியும்னு எனக்கே தெரியாது. லைசென்ஸ்னா எடம் உங்க கையிலேயே இருக்கு. வந்து கொட்டாய் போட்டுக்கோன்னு அனுமதி மட்டும் கொடுக்கறீங்க. அனுமதி முடிஞ்சா அவர் மூட்டையைக் கட்டிக்கணும்."

"அப்ப எனக்கு அந்த ரெண்டாவதுதான்" என்றார் தனபாக்கியம் அம்மாள் உடனே.

கன்னியப்பன் முணுமுணுத்தார். கலெக்டர் ஆபீஸுக்கென்று, இந்த இடத்தில் ஆனி முடிய படம் காட்ட நிலத்துக்காரருக்குச் சம்மதம் என்று தனியாக ஒரு கடிதம் தருவதாகச் சார் சொன்னார். தை பிறக்கப் போகிறது, வேறு இடம் தேட நேரமில்லை என்பதால் அவரும் ஒத்துக்கொண்டார். மறுநாள் கையெழுத்து என்று முடிவாயிற்று.

வீட்டுக்குப் போனபோது பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா என் வீட்டுக்குள் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என் பிள்ளையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்பவர் அவர்தான். என் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் உண்டு, ஒன்று என்னிடம். நானும் கேட்காமல் உள்ளே போகிறேன், அவரும் கேட்காமல் வருகிறார். அப்படியானால் இது என்ன? லைசென்ஸ்தான். இடம் என்னிடமே இருக்கிறது. எஸ்தர் அக்காவிடம் அதைச் சொன்னேன்.

"ஏண்டி, நான் ஒன் வூட்ட எய்தி வாங்கிக்குவேன்னு பயப்படறியா? இந்தப் பையன் போட்ற சத்தத்துக்கு சும்மா குடுத்தாலும் வாணாம்" என்றார்.

மறுநாள் காலையில் உட்கார்ந்து அடித்தேன். விரல் பழக்கம் பொல்லாதது. லைசென்ஸி என்று வரவேண்டிய இடத்தில் லெஸ்ஸி என்று இரண்டு முறை போய்விட்டது. இரண்டு முறையும் தாளை உருவிப் போட்டுப் புதிதாக அடித்தேன். ரென்ட் என்ற வார்த்தை எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று விரலை வைத்து வரி வரியாகத் தேடினேன். முடித்தபோது, இனி இந்தக் காகிதத்தை யாரும் அசைக்க முடியாது என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

4. தாம்பூலத் தட்டு

கையெழுத்து நேரத்தில் சார் இல்லை. செங்கல்பட்டில் அவசர வேலை. "பார்த்துக்கோங்க" என்று குமாஸ்தாவிடமும் என்னிடமும் விட்டுப் போயிருந்தார்.

கன்னியப்பன் கையெழுத்துப் போட்டார். தனபாக்கியம் அம்மாள் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார். சாட்சிக் கையெழுத்தும் ஆயிற்று. நான் மூச்சு விட்டேன்.

அப்போது அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு பித்தளைத் தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் வைத்தார். ஒரு துணியை அவிழ்த்து, கொல்லையிலிருந்து எடுத்து வந்த மண்ணாங்கட்டி ஒன்றை வைத்தார். கடைசியாக முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொல்லைப் படலின் பூட்டுச் சாவியை எடுத்துத் தட்டின்மேல் வைத்தார். எழுந்து நின்று, கிழக்கே பார்த்து, கன்னியப்பன் கையில் கொடுத்தார்.

"இந்தா நைனா. இனிமே அது ஒன் எடம். நீயா கூப்டாத வரிக்கும் நான் உள்ள கால் வைக்க மாட்டேன். நல்லா பொயச்சிக்கோ."

அவர் வீட்டு வழக்கமாம் அது. நிலத்தை யாருக்காவது விட்டால் மண்ணும் சாவியும் வைத்துக் கொடுப்பார்கள். கொடுத்தவர் திரும்ப அதில் கால் வைத்தால் வாங்கியவர் பிழைப்பு கெட்டுவிடும் என்பார்கள். கன்னியப்பன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குமாஸ்தாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"பாத்தியா சாரதாம்மா, நம்ப ஜனங்க எவ்ளோ மரியாதயா செய்றாங்க!"

இடம் உங்கள் கையிலேயே இருக்கிறது, சாவியும் உங்களிடமே, எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்றுதானே பக்கம் பக்கமாக அடித்தேன்? இங்கே சாவியும் போய்விட்டது, இடம் உன்னுடையது என்று வாயாலும் சொல்லியாயிற்று, இனி உள்ளே வரமாட்டேன் என்று சத்தியமும் செய்தாயிற்று. சார் லீஸுக்குச் சொன்ன லட்சணம் எல்லாம் அந்தத் தட்டில் இருந்தது.

"அம்மா, சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டுமே" என்று மெதுவாகச் சொன்னேன்.

தனபாக்கியம் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடுக்கறப்ப குறுக்க பேசலாமா? நல்ல வூட்டுப் பொண்ணாட்டம் கீற."

"நீ டைப்பிஸ்ட்டா, முன்சீப்பா?" என்றார் குமாஸ்தா என் காதருகில்.

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனசு மூடவில்லை. ஒருவேளை நான்தான் அதிகமாக யோசிக்கிறேனோ? காகிதத்தில் எழுதியதுதானே சட்டம்? ஒரு வெற்றிலைத் தட்டுக்கு அவ்வளவு பலமா?

5. திருப்பிக் கேட்பதா?

மறுநாள் சாரிடம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"மண்ணு வேற வெச்சாங்களா?"

"வெச்சாங்க சார்."

"நான் வராத அன்னிக்கா இதெல்லாம் நடக்கணும்! கோர்ட்ல தலைப்பைப் படிச்சுட்டுத் தீர்ப்பு சொல்லமாட்டாங்கம்மா. சாவி யார்கிட்ட இருந்தது, யாரு யாரைக் கேட்டு உள்ள போனாங்கன்னு பார்ப்பாங்க. நீ லைசென்ஸ்னு நூறு தடவை அடிச்சாலும் அந்த அம்மா பண்ணினது லீஸ். வேலாயுதம்! நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வெத்தல பாக்கு வாங்கிக்கினேன் சார்" என்றார் குமாஸ்தா.

தனபாக்கியம் அம்மாளுக்கு ஆள் அனுப்பினோம். வந்தார். போய் அந்தச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சார் சொன்னதுதான் தாமதம், எழுந்துவிட்டார்.

"தாம்பூலத்துல வெச்சிக் குடுத்தத திருப்பிக் கேக்கறதா? நான் இன்னா மானங்கெட்டவளா வக்கீலய்யா?"

"அம்மா, அவன் ஆடியில காலி பண்ணலைன்னா?"

"பேப்பர்ல எய்தி கீதே!"

"பேப்பர்ல ஒண்ணு எழுதி, கையால இன்னொண்ணு பண்ணினா?"

"ரெண்டும் சரியாத்தானே செஞ்சேன்! எய்தச் சொன்னீங்க, ரேக வெச்சேன். குடுக்கற மொறப்படி குடுத்தேன். எதுக்கும் ஒரு மொற கீது இல்ல?"

சார் தலையில் கையை வைத்துக்கொண்டார். நானும் வைத்துக்கொள்ள நினைத்தேன், கையில் கார்பன் மை. அந்தச் சமயம் பார்த்துக் கன்னியப்பன் வந்தார், கலெக்டர் ஆபீஸுக்கான கடிதத்தை வாங்கிப்போக. எங்கள் சண்டை எதுவும் அவருக்குத் தெரியாது. அவருக்கு அவர் பேஜார்.

"மணலு அடிச்சி கொட்டிட்டேன் சார். ஜனங்க குந்தினா ஒரே தூசி. ஆட்டத்துக்கு முன்னால தண்ணி தெளிக்கலன்னா படம் பூரா தும்மிக்கினு கெடப்பாங்க. கெணறு கீது, ராட்டினம் கீது. கவுறும் கொடமும் அக்கா வூட்ல. தெனம் தண்ணி எறைக்க ஒரு ஆளு அம்புட மாட்டேங்குது."

நான் மெஷினைப் பார்த்தபடி இருந்தேன். அந்த அம்மாள் சொன்னதில் ஒரு வாசல் இருந்தது. நீயா கூப்பிடாத வரைக்கும் என்றுதானே சொன்னார்? இவராகக் கூப்பிட்டால்? சொல்லலாமா வேண்டாமா என்று ரிப்பனை இரண்டு முறை சுற்றிச் சரி செய்தேன். பிறகு எழுந்து போய்ச் சாரிடம் சொன்னேன். சார் என்னைப் பார்த்தார். அந்த அம்மாளைப் பார்த்தார்.

"ஏம்மா, அவரே வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட்டா உள்ள போவீங்களா?"

"அவனா கூப்ட்டா இன்னாத்துக்கு போவ மாட்டேன்? நான் இன்னா அவனோட சண்டயா?"

சார் கன்னியப்பனிடம் எதையும் மறைக்கவில்லை. தினமும் இந்த அம்மாள் வந்து தண்ணீர் இறைப்பார், பக்கத்தில் கீரைப் பாத்தி போட்டுக்கொள்வார், இன்னொரு சாவி அவரிடம் இருக்கும், இதையும் எழுதிக் கையெழுத்து வாங்குவேன் என்றார். கன்னியப்பனுக்குத் தூசி அடங்கினால் போதும். பஜாரில் பூட்டு ரிப்பேர்க்காரரிடம் சாவிக்கு நகல் வெட்டி வந்து, குமாஸ்தா மென்றது போக மிச்சமிருந்த வெற்றிலையில் வைத்து, "அக்கா, வந்து போங்க" என்று கொடுத்தார். அந்த அம்மாளும் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்தார்.

6. வரணுமா, வரலாமா?

சார் புது ஷரத்தை எழுதிக் கொடுத்தார். பார்த்தேன். ஷல், ஒரு சாய்வுக் கோடு, மே.

எனக்கு வந்த எரிச்சலை இங்கே எழுத முடியாது.

"ஷல்னா கட்டாயம் வரணும். மேன்னா விருப்பப்பட்டா வரலாம்" என்றார் சார். "மேன்னு போட்டு, இந்த அம்மா சோம்பல்பட்டு வராம இருந்துட்டா நம்ம கட்டினதெல்லாம் வீண். ஷல்லே போட்டுடலாமா?"

தனபாக்கியம் அம்மாளுக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

"வரணும்னு எய்தினா நான் அவனுக்குக் கூலிக்காரி. என் கொல்லைல நானே கூலிக்கா? வரலாம்னு எய்து. நான் சோம்பேறியான்னு பெருநகர்ல போயி கேளு!"

சார் மறுபடி யோசித்தார். கோடு அப்படியே இருந்தது. நான் பென்சிலை எடுத்து ஷல்லை வெட்டினேன்.

வெட்டிவிட்டேனே தவிர, ஆனி வரைக்கும் எனக்கு நிம்மதி இல்லை. பெருநகரிலிருந்து யார் ஆபீஸுக்கு வந்தாலும், "டாக்கீஸில் அந்த அம்மா தண்ணி தெளிக்கறாங்களா?" என்று கேட்பேன். "தெளிக்கறாங்க, நீங்க படத்தப் பத்திக் கேக்கவே இல்லையே" என்றார் ஒருவர். வரணும் என்றே போட்டிருக்க வேண்டுமோ என்று குழந்தைக்குத் தாலாட்டும்போதுகூட நினைப்பு வரும்.

7. ஏர்

ஆனி முடியப் போகும்போது காஞ்சிபுரம் வக்கீல் ஒருவரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. மழை இல்லாததால் கொட்டாய் நன்றாக ஓடுகிறது, கன்னியப்பன் இன்னும் சில மாதம் இருப்பார், அவர் அனுமதி பெற்றவர் அல்லர், குத்தகைதாரர் என்று எழுதியிருந்தது. ஆதாரம் என்ன தெரியுமா? தாம்பூலத் தட்டு, மண்ணாங்கட்டி, சாவி. ஒன்று விடாமல் இருந்தது.

"நான் சொல்லல?" என்றார் சார். உட்கார்ந்து பதில் நோட்டீஸ் சொன்னார். அந்த அம்மாளிடமும் சாவி உண்டு, தினமும் அவர் உள்ளே வந்து போனதை ஊரே பார்த்திருக்கிறது, அனுமதி ஆனியோடு தீர்ந்தது என்று நீளமாகப் போயிற்று. ஒரு வார்த்தைகூடத் தவறக்கூடாது என்று மூன்று தரம் அடிக்க வைத்தார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. முதல் நாளே நல்ல மழை.

மறுநாள் நோட்டீஸை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். தனபாக்கியம் அம்மாள் வந்தார். முழங்கால் வரை சேறு.

"வக்கீலய்யா, கடலக்கொட்ட வெரைக்கப் போறேன். அத்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எங்க வெதைக்கப் போறீங்க?"

"என் கொல்லைலதான். காலைல ஏர் வுட்டாச்சி."

சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். "யாரைக் கேட்டு ஏர் விட்டீங்க?"

"இன்னாத்துக்குக் கேக்கணும்? தெனம் போறேன். நேத்து கொடத்தோட போனேன், இன்னிக்கி ஏரோட போனேன். தொறந்தா தொறந்துகிச்சி. கெணத்தாண்ட ஆரம்பிச்சி, தர டிக்கெட்டு குந்தற எடம் பூரா ஓட்டிட்டான் ஏர்க்காரன். ஸ்கிரீனு கிட்ட போயி மாடு நின்னுச்சி, கன்னியப்பன் ஓடி வந்தான். குதிச்சான் பாரு!"

"என்ன சொன்னான்?"

"லீஸு லீஸுன்னான். 'நைனா, நீ வெத்தல வெச்சி கூப்ட்டு குடுத்த சாவி இது, நல்லா பாத்துக்கோ'ன்னேன். அப்பால அவனே சுத்தி ஒரு பார்வ பாத்தான். பூரா ஒரே சேறு. சாயங்காலம் எவன் வந்து குந்துவான்? கொட்டாயப் பிரிச்சிக்கினு கீறான். காவாந்தண்டலம் பக்கம் எடம் கீதாம்." கொஞ்சம் நிறுத்தி, "பாவம், வேர்த்து வுட்டுடுச்சி அவனுக்கு. ஒரு செம்பு தண்ணி எறைச்சிக் குடுத்தேன்" என்றார்.

சார் உட்கார்ந்தார். "இப்படி ஏர் ஓட்டலாம்னு நம்ம அக்ரிமென்ட்ல இல்லையே அம்மா" என்று பலவீனமாகச் சொன்னார்.

"வரலாம்னு கீது இல்ல? டைப்பும்மாதான் எய்துச்சி."

நான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று தரம் அடித்த நோட்டீஸ். நாலு கார்பன் காப்பி. "இதை என்ன செய்யறது சார்?"

"ஃபைல்ல போடு" என்றார்.

8. உங்களுக்குச் சொல்ல வேண்டியது

இதற்குப் பிறகு, ஒரே மாதிரி இரண்டு இங்கிலீஷ் வார்த்தை வந்து நின்றால் நான் டிக்‌ஷனரியை முதலில் எடுப்பதில்லை. பார்ட்டியைக் கேட்கிறேன். சாவி யாரிடம் இருக்கும்? காலையில் யார் போய்த் திறப்பார்கள்? முடிகிற அன்றைக்கு யார் வெளியே வருவார்கள், யார் உள்ளே போவார்கள்? கொடுக்கும்போது உங்கள் வீட்டில் என்ன முறை செய்வீர்கள்? கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டால் வார்த்தை தானாகக் கோட்டின் ஒரு பக்கம் வந்து நிற்கும். வராவிட்டால், எந்த வார்த்தையை அடித்தாலும் அதை ஒரு வெற்றிலைத் தட்டு அழித்துவிடும்.

இரண்டாவது பிரசவத்துக்காக இப்போது நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன். சாரிடம் லெட்டர் கொடுக்க வேண்டும். லீவ் என்று அடிக்கவா, ரிசைன் என்று அடிக்கவா? இரண்டு குழந்தையை வைத்துக்கொண்டு திரும்ப வர முடியுமா? எஸ்தர் அக்கா இரண்டையும் பார்த்துக்கொள்வாரா? தாளைச் செருகி வெகு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் சாரையே கேட்டேன்.

"எதையோ ஒண்ணு போடும்மா, சென்ஸ் பார்த்து" என்றார்.

"புதுசா வர்ற பொண்ணுக்கு ஆபீஸ் சாவி வேணுமே சார்?"

சார் கட்டுக் கட்டாகக் காகிதம் புரட்டிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. "பஜார்ல நகல் ஒண்ணு வெட்டிக்கச் சொல்லு. உன்னுது உன்கிட்டயே இருக்கட்டும்."

போய் உட்கார்ந்து லீவ் என்று அடித்தேன்.